பூச்சுக்கு அடியில் இருக்கும் சுவர்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய கட்டடம் ஒன்றை இடிக்கப்போகிறார்கள் என்றால் ஊரே பேசுகிறது. சிங்கப்பூரில் ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் இருந்த சிவப்புச் செங்கல் தேசிய நூலகம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1960இல் திறந்த நூலகம் அது. கொடைவள்ளல் லீ கோங் சியான் 375,000 வெள்ளி தந்தபோது, மக்களிடம் கட்டணம் வாங்கக்கூடாது, இங்கே பேசப்படும் ஆசிய மொழிகளின் நூல்களுக்கும் இடம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 2004இல் நூலகத்தை மூடி, ஃபோர்ட் கேனிங் சுரங்கச் சாலைக்காகக் கட்டடத்தை இடித்தார்கள். வேண்டாம் என்று எத்தனையோ பேர் நாளிதழ்களுக்கு எழுதினார்கள். அந்தக் குரல்கள் வீணாகவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு இடிப்பு என்ற சொல்லை இங்கே யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் இடிக்காமலே, பராமரிப்பு என்ற பெயரில், நல்ல எண்ணத்தோடேயே ஒரு கட்டடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்க முடியும். அதற்காக யாரும் நாளிதழுக்கு எழுதுவதில்லை. என் வேலையில் நான் அதிகம் பார்ப்பது இந்த இழப்பைத்தான். இன்று அதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். நான் ஒரு கட்டடக் கலைஞர். பாதுகாக்கப்பட்ட பொதுக் கட்டடங்களில், அதாவது கோவில், பள்ளிவாசல், தேவாலயம், பழைய அரசாங்க அலுவலகம், பள்ளிக்கூடம் போன்றவற்றில், ஏதாவது வேலை நடக்கும் முன்பு வரைபடங்களும் செய்முறைக் குறிப்புகளும் பரிசீலனைக்கு வரும். அவற்றைப் படித்து, நேரில் போய்ப் பார்த்து, எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று கருத்து எழுதுவது என் பொறுப்பு. சிங்கப்பூரில் இதற்கு அடித்தளம் 1970களில் போடப்பட்டது. 1973இல் முதன்முதலாக எட்டுக் கட்டடங்களைத் தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவித்தார்கள். சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோவில் அவற்றில் ஒன்று. இன்று நினைவுச்சின்னங்களைத் தேசிய மரபுடைமைக் கழகம் கவனிக்கிறது. லிட்டில் இந்தியா கடைவீடுகள் போன்ற பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பொறுப்பு. அப்படி 7,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இருக்கின்றன.

வரைபடத்தில் வாசல், சன்னல், தூண் எல்லாம் கோட்டுக்குக் கோடு தெரியும். சுவரின் மேல்பூச்சு மட்டும் ஓரத்தில் ஒரே வரியில் முடிந்துவிடும்: ‘பழுதான பூச்சை அகற்றி, புதிதாகப் பூசி, வண்ணம் அடிக்கவும்.’ நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். எதை வைத்துப் பூசப்போகிறீர்கள் என்று அதில் இருக்காது. கேட்டால், ‘சிமென்ட்தான், வேறென்ன?’ என்று பதில் வரும்.

19ஆம் நூற்றாண்டுக் கட்டடங்களின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்தது. அடியில் ஈரத்தைத் தடுக்க எதுவும் வைத்திருக்க மாட்டார்கள். தரையிலிருந்து ஓதம் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது காற்றில் உலர்ந்துவிடும். சுவர் மூச்சுவிடுகிறது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அதன்மேல் சிமென்ட்டைப் பூசி, நீர்புகாத வண்ணத்தையும் அடித்துவிட்டால் ஈரம் எங்கே போகும்? சுவருக்குள்ளேயே தங்கும், இன்னும் மேலே ஏறும். ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லை அரிக்கும். வெளியே சுவர் புத்தம் புதிதாகத் தெரியும். உள்ளே குளிர்சாதனம் ஓடும் அறையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம், நம் ஊர்ப் புழுக்கக் காற்று குளிர்ந்த சுவரில் பட்டு அங்கேயும் நீர் கோத்துக்கொள்ளும்.

ஒரு கட்டடத்தில் இதைக் கண்ணெதிரே பார்த்தேன். எந்தக் கட்டடம் என்பது வேண்டாம். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்திருந்த மேஸ்திரி ஒருவர் கரணையின் மரக்கைப்பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. கணீரென்று இல்லாமல் பொத்தென்று கேட்டது. விளிம்பில் கரணையை நுழைத்து நெம்பினார். உள்ளங்கை அகலத்துக்குச் சிமென்ட் பூச்சு ஒரே பாளமாகப் பெயர்ந்து வந்தது. அதன் பின்பக்கத்தில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. செங்கல்லை விரலால் தடவினார், சிவப்புப் பொடி கொட்டியது. “அம்மா, இது சுண்ணாம்புச் சுவரு. எங்க தாத்தா காலத்துல சுண்ணாம்பை ஊறப்போட்டு, அரைச்சு, அப்புறம்தான் சுவத்துல கை வைப்பாங்க. இதுக்குப் போய் சிமென்ட்டை அப்பியிருக்காங்களே” என்றார். தாளில் எழுதியிருந்ததைவிட அவர் சொன்னது சரியாக இருந்தது. என் கருத்துரையில் அவர் சொன்னதையே தொழில்நுட்ப மொழியில் எழுதினேன். களத்தில் வேலை செய்யும் இவர்களிடம் யாரும் கேட்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இந்த ஊரில் சுண்ணாம்பு வேலை எப்படி வந்தது என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை 1850களின் பிற்பகுதியில் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். மெட்ராஸ் முறையில் பூசினார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவையும் வெல்லத்தையும் சேர்த்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரை ஊற்றிக் கலந்தார்கள். பூசிக் காய்ந்ததும் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். கட்டியவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்கள் கைத்திறன் மட்டும்தான் சுவரில் மிச்சம். அப்படிப்பட்ட பூச்சைச் சுரண்டி எறிவது, அவர்கள் இங்கே வாழ்ந்ததற்கான சாட்சியத்தை எறிவது. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

20ஆம் நூற்றாண்டுக் கட்டடங்களில் வேறு சிக்கல். அவற்றில் பலவற்றுக்கு ஷாங்காய் பிளாஸ்டர் பூசியிருப்பார்கள். சிமென்ட்டில் பொடிக்கல் கலந்து பூசி, மேல்பரப்பைக் கழுவிக் கல் தெரியும்படி விடுவார்கள். தூரத்திலிருந்து கருங்கல் போலவே இருக்கும். அதற்கு வண்ணமே தேவையில்லை. ஆனால் அழுக்காகத் தெரிகிறது என்று யாரோ ஒருமுறை வண்ணம் அடித்துவிடுவார்கள். அவ்வளவுதான். பிறகு அதை எடுப்பது பெரும்பாடு. மணலைப் பீய்ச்சி எடுத்தால் கல்லும் சேர்ந்து உதிர்ந்துவிடும்.

சரி, கோவில்களுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் கடினமான பரிசீலனை கோவில்கள்தான். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி, குடமுழுக்கு. புதுப்பிப்பதே அங்கே மரபு. கோவில் நிர்வாகக் குழுவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் என்னிடம், “ஏம்மா, சாமிக்குப் பழசையே வெச்சிக்கச் சொல்றீங்களா?” என்று கேட்டார். இல்லை ஐயா, புதுப்பிப்பதை நான் தடுக்கவில்லை என்று சொன்னேன். கோபுரத்துச் சிற்பங்கள் சுதையால், அதாவது சுண்ணாம்புச் சாந்தால், ஆனவை. ஒவ்வொரு திருப்பணியிலும் பழைய வண்ணத்தின் மேலேயே புது வண்ணத்தை ஏற்றினால், சிற்பத்தின் விரல் நகமும் காதணியும் நெற்றிச் சுட்டியும் மெல்ல மெல்ல மழுங்கிப்போகும். ஆகவே பழைய அடுக்குகளைப் பக்குவமாக எடுங்கள். உடைந்ததைச் சுதையாலேயே ஒட்டுங்கள். தொடுவதற்கு முன் ஒவ்வொரு சிற்பத்தையும் நாலு பக்கமும் படம் எடுத்துவையுங்கள், அடுத்த திருப்பணிக்கு வரும் ஸ்தபதிக்கு உதவும். அவரோடு பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தோம். படம் எடுக்கும் பொறுப்பை அவரே இளைஞர் குழுவிடம் ஒப்படைத்தார்.

மின்தூக்கி, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், தீத்தடுப்புக் குழாய் இவற்றில் நான் பிடிவாதம் பிடிப்பதில்லை. மக்கள் உள்ளே வரமுடியாத பொதுக் கட்டடத்தைக் காப்பாற்றி என்ன பயன்? பின்னாளில் சுவருக்குச் சேதமின்றிக் கழற்ற முடியுமா என்று மட்டும் கேட்பேன். பழைய நகர மண்டபமும் உச்ச நீதிமன்றமும் சேர்ந்து 2015இல் தேசியக் கலைக்கூடமாகத் திறந்தபோது எத்தனை குடும்பங்கள் அந்தப் படிகளில் முதன்முறையாக ஏறின! அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சுண்ணாம்புக்குக் காலம் பிடிக்கும் என்பது உண்மை. அது காற்றை வாங்கி மெதுவாகத்தான் இறுகும். தீபாவளிக்குள் முடிக்க வேண்டும் என்று ஒப்பந்தக்காரரை நெருக்கினால் அவர் சிமென்ட் மூட்டையைத்தான் பிரிப்பார். எனவே உங்கள் கோவிலிலோ பள்ளிவாசலிலோ சங்கக் கட்டடத்திலோ திருத்த வேலை பற்றிக் கூட்டம் நடந்தால், விலைப்புள்ளியைக் கையில் வாங்கிப் பாருங்கள். பூச்சு என்ன, வண்ணம் என்ன என்று எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். முழுச் சுவரையும் தொடுவதற்கு முன், மழைச்சாரல் அடிக்கும் பக்கத்தில் ஒரு சதுர மீட்டர் மாதிரி பூசச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் அந்த இடத்தைத் தட்டிப் பாருங்கள், ஓரங்களில் உப்பு பூத்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம்.

நன்றி, வணக்கம்.