சர்க்கரை கல்லீரலுக்கு இடும் உத்தரவு

நேயர்களுக்கு வணக்கம்.

சர்க்கரை என்றாலே கலோரிக் கணக்கைத்தான் பேசுகிறோம். அது பாதி விஷயம்தான். சாப்பிடும் சர்க்கரையின் தாக்கம் கல்லீரல் செல்லின் உட்கரு வரைக்கும் போய், எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று உத்தரவு போடுகிறது. மரபணு மாறிவிடுவதில்லை, அதன் வேகம்தான் கூடுகிறது, குறைகிறது.

சாதாரணச் சர்க்கரையில் சரிபாதி குளுக்கோஸ், சரிபாதி ஃப்ரக்டோஸ். குளுக்கோஸை உடம்பெங்கும் உள்ள செல்கள் பயன்படுத்தும். கல்லீரலுக்குள் அது உடைபடும் பாதையில் ஒரு காவல் நொதி உண்டு. செல்லில் சக்தி போதுமென்றால் அது வேகத்தைக் குறைத்துவிடும். ஃப்ரக்டோஸுக்கு அந்தக் காவல் கிடையாது. கீட்டோஹெக்ஸோகைனேஸ் என்ற நொதி வந்த வேகத்திலேயே அதில் பாஸ்பேட்டை ஒட்டி உள்ளே தள்ளிவிடுகிறது. ஒரே மூச்சில் குடிக்கும் இனிப்புப் பானம் கல்லீரலைத் திணறவைப்பது இதனால்தான்.

இனி உட்கருவுக்குள் போவோம். 'கிரெப்' என்றொரு புரதம். 2001-இல் அமெரிக்காவின் டல்லாஸில் கொசாகு உயேதா என்ற விஞ்ஞானியின் குழு இதைக் கண்டுபிடித்தது. சர்க்கரை உடையும்போது உருவாகும் பொருள்கள் இதை உசுப்பிவிடுகின்றன. உட்கருவில் நுழைந்து, எம்.எல்.எக்ஸ். என்ற துணைப் புரதத்தோடு சேர்ந்து டி.என்.ஏ.வில் உட்காருகிறது. உடனே கொழுப்பு அமிலங்களைத் தயாரிக்கும் நொதிகளின் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. இன்சுலினும் தன் பங்குக்கு 'ஸ்ரெப்-1சி' என்ற வேறொரு புரதத்தின் வழியே அதே மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறது. இரண்டும் சேர்ந்தால் கல்லீரல் கொழுப்பை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். எண்ணெயே தொடாதவருக்கும் கல்லீரலில் கொழுப்பு சேர்வது எப்படி என்பதற்கு இது ஒரு முக்கியமான பதில். பலருக்கு இது தெரியாமலே போவது எனக்குப் பெரிய வருத்தம்.

இதே கிரெப் இன்னொரு காரியமும் செய்கிறது. எஃப்.ஜி.எஃப்.-21 என்ற ஹார்மோனின் மரபணுவையும் முடுக்குகிறது. அந்த ஹார்மோன் மூளைக்குப் போய் இனிப்பு ஆசையைத் தணிக்கப் பார்க்கிறது. கல்லீரல் தானாகவே 'போதும்' என்று சொல்ல முயல்கிறது, பாருங்கள்! எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

இந்த உத்தரவைத் திரும்பப் பெற முடியுமா? 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், உடல் பருமனான பிள்ளைகளின் உணவில் சேர்க்கப்பட்ட சர்க்கரையைக் குறைத்து, கலோரி குறையாமல் மாவுச்சத்தைக் கொடுத்தார்கள். 9 நாளில் கல்லீரல் கொழுப்பும் புதிய கொழுப்பு உற்பத்தியும் இறங்கின.

அப்படியானால் பழம்? தாராளமாகச் சாப்பிடலாம். முழுப் பழத்தில் நார்ச்சத்து இருப்பதால் ஃப்ரக்டோஸ் மெல்ல மெல்லத்தான் வரும். சாறாகப் பிழிந்து வடிகட்டினால் அந்த நிதானம் போய்விடும்.