வசூலுக்குப் போய் மொய் எழுதிவிட்டு வந்தவர்

வணக்கம் மக்களே. மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசுகிறேன், காற்று இரைச்சல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் ஒரு சின்ன பிரிண்டிங் யூனிட்டில் நான்கு வருடம் கணக்கு எழுதினேன். மற்ற கம்பெனிகளின் பனியன் துணியில் கூலிக்குப் படம் அடிக்கும் ஜாப் ஒர்க். முதலாளி அண்ணன் தங்கமான மனிதர். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் பர்ஸைத் திறந்துவிடுவார். சனிக்கிழமை சம்பளம் ஒருநாளும் தவறியதில்லை. அந்தச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்பதுதான் சிக்கலே.

நான்கு லட்சத்துக்கு பில் போட்டால் 5% ஜிஎஸ்டி, அதாவது 20,000 ரூபாய். பார்ட்டி, அதாவது வேலை கொடுத்த கம்பெனி, பணம் தந்தாலும் தராவிட்டாலும், அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் நாம் கட்டியாக வேண்டும். மை வாங்கியதில் போன வரியைக் கழித்தாலும் கொஞ்சம் நிற்கும். தாமதமானால் 18% வட்டி. பிஎஃப் 15ஆம் தேதி. தொழிலாளியிடம் பிடித்த 12 சதவீதத்தைக் கட்டாமல் விட்டால் கிரிமினல் கேஸ் வரை போகும். அண்ணனுக்கோ பேங்கில் இருப்பதெல்லாம் ஒரே பணம். "இருக்குதே கண்ணு, எடுத்துச் சம்பளம் போடு" என்பார். அந்தப் பணத்தில் பாதி அவருடையதே இல்லை.

அவருடைய பணம் வெளியே இருந்தது. ஒரே பார்ட்டியிடம் மட்டும் 3,80,000 பாக்கி, ஐந்து மாதமாக. நான் நச்சரித்து நச்சரித்து ஒருநாள் கிளப்பி அனுப்பினேன். சாயங்காலம் சிரித்த முகமாகத் திரும்பி வந்தார், கையில் தாம்பூலப் பை.

"அவங்க வீட்டுல கிரகப்பிரவேசமாமா கண்ணு. நல்ல நாள்ல போய் காசு கேக்கறதா? 5,001 மொய் வெச்சுட்டு வந்தேன்."

அதையும் எந்தக் கணக்கில் எழுதுவது என்று என்னையே கேட்டார். சொந்தச் செலவில்தான் எழுதினேன், வேறென்ன.

சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. 2006ஆம் ஆண்டு சிறுதொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால்கூட 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதமான பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. 2023 பட்ஜெட்டில் இன்னொரு பிடியும் வந்தது: கெடு தாண்டிய பாக்கியை, பணத்தைக் கொடுக்கும் வருடம் வரை பார்ட்டி தன் வரிக்கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. இதை ஒரு தாளில் எழுதி, "கேஸ்கூட வேண்டாம் அண்ணா, இதை மட்டும் காட்டுங்கள்" என்றேன். புகார் கொடுக்க 'சமாதான்' என்று ஒரு அரசுத் தளமே இருப்பதையும் சொன்னேன். "பேரே சமாதானம்னு இருக்குது, அங்க போய் சண்டை போடறதா?" என்று சிரித்துவிட்டு, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சட்டை துவைக்கப் போனது. அவ்வளவுதான்.

அப்புறம் நகைக்கடன், கைமாற்று, கடைசியில் மெஷினையே விற்றார். இப்போது வேறொரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறார்.

எனக்கு இன்னும் ஒரு மாதச் சம்பளம் வரவேண்டும். போன வாரம் அவரிடமிருந்து போன் வந்ததும் அதற்காகத்தான் என்று நினைத்து எடுத்தேன்.

"வீடியோ போடறியாமா கண்ணு? சத்தம் சரியா கேக்கலை. நல்ல மைக் ஒண்ணு வாங்கிக்க, காசு நான் அனுப்பட்டுமா?"