காகேத்தியின் தாழியும் கம்பத்தின் திராட்சையும்

(கம்பத்தில் திராட்சை விவசாயிகளும் நூலக வாசகர் வட்டமும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் பேசியது)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சொன்ன நேரத்துக்கு வந்து எங்கள் எல்லோரையும் வெட்கப்பட வைத்த தோட்டக்கலைத் துறை அதிகாரி அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட மண்டப உரிமையாளர் அவர்களே, வாசகர் வட்டப் பொறுப்பாளர்களே, ஒலிபெருக்கி வைத்த தம்பி அவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்து "இவர் என்ன பேசப்போகிறார், பார்ப்போம்" என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். பெயர்களை வரவேற்புரையில் சொல்லிவிட்டார்கள். யாருடைய பெயராவது விட்டுப்போயிருந்தால் வரவேற்புரை ஆற்றியவரைக் கேளுங்கள். எனக்குப் போர்த்திய பொன்னாடையை மறக்காமல் எடுத்துப்போக வேண்டும் என்று வீட்டில் உத்தரவு.

மூன்று விஷயம் பேசுவேன் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். ஜார்ஜியா நாட்டின் குடும்ப ஒயின் வீடுகள், ஐரோப்பாவின் கூட்டுறவு ஒயின் ஆலைகள், திராட்சைத் தோட்டச் சுற்றுலா. சரி, முதலில் இருந்தே வருவோம்.

நம் ஊரில் சொல்வார்கள்: உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது. இந்தப் பழமொழியை நான் எல்லா மேடையிலும் சொல்கிறேன் என்று ஒரு நண்பர் குறைப்பட்டார். மிஞ்சுகிறவரைக்கும் சொல்வேன். கல்தூண் நட்டு, கம்பி இழுத்துப் பந்தல் போட்டு, கொடியை வெட்டிக் கவாத்து பண்ணி, மருந்தடித்து, அறுக்கிற வாரத்தில் மழை வந்து பழம் வெடித்தால், கிலோவுக்கு வியாபாரி என்ன விலை கேட்பார் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? நம் பன்னீர் திராட்சைக்குத் தோல் மெல்லிசு. நெடுந்தூரம் லாரி தாங்காது. அது வியாபாரிக்கும் தெரியும்.

இப்போது ஜார்ஜியாவுக்குப் போவோம். காக்கேசிய மலைகளுக்குத் தெற்கே உள்ள சின்ன நாடு. அங்கே தோண்டிக் கிடைத்த மண்பானைத் துண்டுகளில் திராட்சை ஒயினின் வேதித் தடயம் இருப்பதை 2017இல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 8000 ஆண்டுப் பழமை. அந்த நாட்டில் 500க்கும் மேல் உள்ளூர் திராட்சை ரகங்கள் உண்டு. சப்பெராவி, ர்கட்சிதேலி, கிசி, சினூரி என்று. இன்றைக்கும் கிராமத்து வீடுகளில் மரானி என்ற தனி அறை இருக்கும். அதன் தரையில் வட்ட வட்டமாக வாய் மட்டும் தெரியும். கீழே புதைந்திருப்பது குவெவ்ரி. நம் முதுமக்கள் தாழியைப் போல அடி குறுகிய மண்பாண்டம், உள்ளே தேன்மெழுகு பூசியது. காகேத்தி வட்டாரத்தில் திராட்சையை மிதித்து, சாறு, தோல், விதை, காம்பு எல்லாவற்றையும் சேர்த்து அதில் இறக்குவார்கள். வெளியிலிருந்து ஈஸ்ட் போடுவதில்லை, பழத்தோலில் இருப்பதே நொதிக்க வைத்துவிடும். நொதிக்கிற நாட்களில் மேலே மிதக்கும் தோலைக் கழியால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் மூடி போட்டுக் களிமண்ணால் அடைத்து ஐந்தாறு மாதம் விட்டுவிடுவார்கள். விதை, கசடு எல்லாம் குறுகிய அடியில் போய்த் தங்கும். சுற்றியுள்ள மண் சூட்டை ஏறவும் விடாது, இறங்கவும் விடாது. வசந்தத்தில் திறந்தால், பச்சைத் திராட்சையில் செய்த ஒயின்கூடத் தேன் நிறத்தில் வரும். இந்த முறையை யுனெஸ்கோ 2013இல் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இது தொடர்ந்து செழித்து வந்த கதை என்று நினைத்துவிடாதீர்கள். சோவியத் காலத்தில் பெரிய ஆலைகள் வந்தன. விளைச்சல் கூடுதலாகத் தரும் சில ரகங்களே போதும் என்றார்கள். 1985இல் கோர்பச்சேவ் மதுவிலக்கு இயக்கம் தொடங்கியபோது கொடிகளையே வெட்டினார்கள். வீட்டுத் தேவைக்கென்று கொல்லையில் கொஞ்சம் கொடியும் ஒரு புதைத்த பாண்டமும் வைத்திருந்த குடும்பங்களால்தான் கைப்பழக்கம் பிழைத்தது. அப்புறம் 2006. அதுவரை ஏற்றுமதியில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டிருந்த ரஷ்யா, தரம் சரியில்லை என்று காரணம் சொல்லிக் கதவைச் சாத்தியது. 2013 வரை திறக்கவில்லை. ஒரே வியாபாரியை நம்பியிருந்தவன் கதி என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? கேரளாவுக்குப் போகும் குமுளி மலைப்பாதை அடைத்த நாளில் பழப் பெட்டியோடு நின்றவர்கள் நாம்.

ரஷ்யா கதவைச் சாத்திய அந்த அடைப்பில்தான் சின்ன ஒயின் வீடுகளுக்கு வழி பிறந்தது. அளவை விட்டுத் தரத்தைப் பிடித்தார்கள். யாகோ பிதரிஷ்விலி என்பவர் சர்தாகி கிராமத்தில் சினூரி திராட்சையை மட்டும் வைத்துக்கொண்டு குவெவ்ரியில் ஒயின் செய்கிறார். உலகம் தேடி வருகிறது. பெண்கள் மரானிக்குள் கால் வைப்பதே வழக்கமில்லாத ஊர் அது. அவருடைய மனைவி மரீனா 2012இல் தோழியோடு சேர்ந்து 'மந்திலி' என்று தனி ஒயின் போட்டார். சொந்தத் தோட்டம்கூட இல்லை, பழத்தை வாங்கித்தான் செய்தார்கள். தாய்மார்கள் கைதட்டுவது கேட்கிறது, நன்றி.

என் தங்கை மகள் ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் மருத்துவம் படிக்கிறாள். நம் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே படிக்கிறார்கள். அவளைப் பார்க்கப் போனபோது, அவள் தங்கியிருந்த வீட்டுக்காரர்கள் காகேத்தியில் உள்ள தங்கள் கிராமத்துக்கு எங்களைக் கூட்டிப்போனார்கள். அறுவடைக் காலம். பகல் முழுக்கத் திராட்சை வெட்டினோம். கத்தரி பிடித்த விதத்தைப் பார்த்து வீட்டுப் பெரியவர் என் தோளில் தட்டினார். தொழில்காரன் என்று கண்டுகொண்டார். இரவில் நீளமான மேசை போட்டு விருந்து. அந்த விருந்தில் யாரும் இஷ்டத்துக்குக் குடிக்க முடியாது. தமதா என்று ஒருவர் இருப்பார், நம் கூட்டத் தலைவர் மாதிரி. அவர் எழுந்து வாழ்த்துச் சொன்ன பிறகுதான் கோப்பையைத் தொட வேண்டும். தாய்நாட்டுக்கு ஒரு வாழ்த்து, செத்துப்போனவர்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று. நம் தலைவரைவிட நீளமாகப் பேசினார். தலைவர் மன்னிக்க வேண்டும்.

அப்புறம் விருந்தாளிக்கு என்று ஒரு மாட்டுக் கொம்பு நிறைய ஒயின் கொண்டுவந்தார்கள். கொம்புக்கு அடிப்பாகம் ஏது? கீழே வைக்க முடியாது, குடித்து முடித்தால்தான் கை விடுதலை. எனக்கோ குடிப்பழக்கம் கிடையாது. "குடிக்க மாட்டேன்னு சொல்லும்மா" என்றேன் தங்கை மகளிடம். சொன்னாள். மேசையே அமைதியாகிவிட்டது. உடம்பு சரியில்லையா என்று தமதா கேட்டார். மருத்துவம் படிக்கிற பிள்ளை, அவசரத்தில் "மாமாவுக்குக் கல்லீரல் கோளாறு" என்று சொல்லிவிட்டாள். உடனே எல்லோரும் எழுந்து என் கல்லீரலுக்கு வாழ்த்துச் சொல்லிக் குடித்தார்கள்! அடுத்த சுற்றிலும் கல்லீரல்தான். கொம்பைப் பிடித்தபடி நான் நிற்கிறேன், கை வலிக்கிறது. கடைசியில் அந்த வீட்டுப் பாட்டி வந்து கொம்பை வாங்கி, ஒயினைத் தன் பிள்ளையின் கோப்பையில் ஊற்றிவிட்டு, அன்று பிழிந்த திராட்சைச் சாற்றை நிரப்பிக் கொடுத்தார். "பேசு" என்று கை காட்டினார்.

என்ன பேச? கபிலர் நினைவுக்கு வந்தார். பாரியின் பறம்பு நாட்டைப் பாடுகையில் "நிலம்புதைப் பழுனிய மட்டின் தேறல்" என்கிறார் புறநானூற்றில். நிலத்தில் புதைத்து வைத்து முதிர்ந்த கள், குடிசைதோறும் பகிர்ந்தார்கள் என்று வரும். தமிழிலேயே சொன்னேன். மருமகள் தனக்குத் தெரிந்த மொழியில் "இவர்கள் ஊரிலும் புதைத்தார்களாம்" என்றாள். ஆரவாரம் அடங்கியதும் தமதா ஒன்று கேட்டார்: "இப்போது ஏன் புதைப்பதில்லை?"

சாற்றைக் குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் பாட்டியின் வேலையைக் கவனித்தேன். நல்ல சாறு ஒயினுக்கு. ஒயின் எடுத்தபின் மிஞ்சும் சக்கையைக் காய்ச்சி வடித்தால் 'சாச்சா' சாராயம். கொஞ்சம் சாற்றை மாவு போட்டுக் கெட்டியாகக் கிண்டி, நூலில் கோத்த அக்ரூட் பருப்பை அதில் முக்கிக் காயவைத்தால் 'சுர்ச்கேலா', பிள்ளைகளின் தின்பண்டம். கவாத்துக் குச்சியில் இறைச்சி சுடுகிறார்கள். வருகிற விருந்தாளிக்கு மாடியில் அறை. அந்தப் பாட்டி கணக்குப் பார்த்தால் உழக்கு மிஞ்சுகிறது ஐயா! பழம் வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் நாலு பொருளாகிவிடுகிறது.

நம்மிடம் என்ன இல்லை? 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில் மானாமதுரை மண்பாண்டத்துக்கும் கிடைத்தது. கடம் செய்கிற கைகளுக்குக் குவெவ்ரி வராதா? மகாராஷ்டிரம் 2001இல் திராட்சை பதப்படுத்துவதற்கென்று தனிக் கொள்கை போட்டது, நாசிக் ஒயின் ஊரானது. கர்நாடகம் 2007இல் போட்டது. அரசுக்கு அனுப்பும் மனுவில் நாம் கேட்பது அவ்வளவு பெரிதுகூட இல்லை. சொந்தத் தோட்டத்துப் பழத்தில், சிறு அளவில் ஒயின் செய்து தோட்டத்திலேயே விற்க ஒரு குடும்ப உரிமம். பெரிய ஆலைக்குரிய கட்டணமும் காகிதமும் இரண்டு ஏக்கர்க்காரனுக்கு எப்படிப் பொருந்தும்?

குடியைப் பெருக்க வந்தவன் என்று என்னைச் சொல்லலாம். முன்வரிசையில் சிலர் முகம் அப்படித்தான் சொல்கிறது. குடியால் குடும்பம் அழிந்ததை நானும் பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் குடும்ப உரிமத்தோடு அளவு வரம்பும், விற்கிற நேர வரம்பும் மனுவில் எழுதியிருக்கிறோம். ஆனால் ஒன்று கேட்கிறேன். 42.8 சதவீத ஆல்கஹாலை அரசுக் கடை விற்கலாம், 12 சதவீத ஒயினை விளைவித்தவன் விற்கக்கூடாது என்றால் இதில் ஒழுக்கம் எங்கே இருக்கிறது? வரிக்கணக்குதான் இருக்கிறது. எல்லோரும் கணக்குப் பார்க்கிறார்கள், உழுகிறவன் பார்த்தால் மட்டும் உழக்கு மிஞ்சக்கூடாதா?

கூட்டுறவு ஆலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. மணி அடித்துவிட்டார்கள். சுற்றுலா பற்றி உதவி செய்ய அதிகாரி அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார், மேடையில் வைத்துச் சொல்லிவிட்டேன், இனி அவர் மாற முடியாது. மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்தோடு சர்வே எண்ணையும் எழுதுங்கள். போன தடவை பாதிப் பேர் எழுதாததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பட்டா அப்பா பெயரில் இருந்தால் அதையும் பக்கத்தில் குறிப்பிடுங்கள். தேநீர் பின்கட்டில். வணக்கம்.