கிறீச்சிடும் ஸ்பிரிங், மூச்சுத் திணறும் சைலன்சர்

நண்பர்களே, வணக்கம்.

பழைய காரை வாங்கியவர் முதலில் கேட்பது, “இந்தச் சத்தத்தை எப்படி நிறுத்துவது?” என்றுதான். அதற்கு முன்னால், எந்த வேலை நடக்கும்போது அந்தச் சத்தம் வருகிறது என்று பாருங்கள்.

1908 முதல் 1927 வரை வெளிவந்த ஃபோர்டு மாடல் டி-யை எடுத்துக்கொள்வோம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று குறுக்குவாட்டில் இரண்டே லீஃப் ஸ்பிரிங், அதாவது எஃகுப் பட்டைகளை அடுக்கிய வில். ஷாக் அப்சார்பர் கம்பெனியிலிருந்து வரவே இல்லை. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதுதான் துள்ளலை அடக்கியது. துருவேறிக் காய்ந்துவிட்டால் அந்த உரசலே கிறீச்சிடும். ஃபோர்டு கையேடு சொன்ன வழி எளிது: பட்டைகளின் நுனியை நெம்பி, இடையில் எண்ணெயோ கிராஃபைட்டோ விடுங்கள். வண்டியின் அடிச்சட்டத்தை ஜாக்கியில் தூக்கி, அச்சைத் தொங்கவிட்டால் பட்டைகள் தானாகவே தளரும்.

ஆனால் அளவுக்கு மீறிக் கிரீஸைப் பூசினால் உரசல் போய்விடும், வண்டி பள்ளத்துக்குப் பள்ளம் குதிக்கும். உராய்வுத் தட்டு வைத்த ஹார்ட்ஃபோர்டு ஷாக் அப்சார்பர்களை அக்காலத்தில் பலர் தனியாக வாங்கி மாட்டியது இந்தத் துள்ளலை அடக்கத்தான். கிறீச்சுக்குப் பதில் ‘டக் டக்’ என்று கேட்டால் எண்ணெயை விட்டுவிட்டு ஸ்பிரிங் நுனியைத் தாங்கும் கொக்கியின் உள்வளையமான ஷேக்கிள் புஷ்ஷைப் பாருங்கள். ஸ்பிரிங்கைப் பிடிக்கும் கிளிப் தளர்ந்திருந்தால் உடனே இறுக்குங்கள். இல்லையென்றால் முழுப் பாரமும் நடு போல்ட்டில் விழுந்து அது அறுந்துவிடும்.

சரி, எக்ஸாஸ்ட்டுக்கு வருவோம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ‘டிக் டிக்’ என்று வந்து, சூடானதும் குறைகிறதா? வால்வுச் சத்தம் என்று நினைத்து அதைக் கழற்றாதீர்கள். எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து எடுத்துச்செல்லும் வார்ப்பிரும்புக் குழாயான மேனிஃபோல்டு வருடக்கணக்கான சூட்டில் வளைந்து, எஞ்சினின் புகைத் துளையோடு (போர்ட்) பொருந்தாமல் புகை கசியும். மேனிஃபோல்டின் முகத்தைச் சமப்படுத்தி, இடையில் கசிவை அடைக்கும் புது வளையம் போட்டால் தீரும். பழைய வளையத்தில், தூசியாக மூச்சில் போனால் தீங்கான ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர்ந்த நிலையில் சுரண்டவே கூடாது.

சைலன்சரின் கதையும் ஸ்பிரிங்கின் கதைதான். வழியைக் குறுக்கினால் சத்தம் அடங்கும். கூடவே புகை வெளியேற முடியாமல் எஞ்சின் திணறும், சூடேறும். அதனால்தான் அந்நாளைய ஓட்டுநர்கள் மேடு ஏறும்போது குழாயில் இருந்த ‘கட்-அவுட்’ என்ற திறப்பைத் திறந்து, புகையை சைலன்சருக்கு முன்பே வெளியே விட்டார்கள். தெரு அதிர்ந்தது. அமெரிக்காவில் பல நகரங்கள் அதைத் தடை செய்தன.

இங்கிலாந்தில் 1907-ல் திறந்த புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தின் அக்கம்பக்கத்தார் நீதிமன்றம் வரை போனார்கள். அப்புறம் 1920-களின் நடுவில் அங்கே ஓடும் கார்களுக்கு சைலன்சர் கட்டாயமானது. குழாயை ஒடுக்காமல், புகையைப் பெரிய அறைக்குள் விரியவிட்டு, மீன்வால் போன்ற அகன்ற பிளவு வழியாக வெளியேற்றினார்கள். வீச்சு சிதறி, சத்தம் குறைந்தது. அந்த விதி நடப்பில் இருந்தபோதுதான், 1935-ல் பந்தய ஓட்டுநர் ஜான் காப் தன் நேப்பியர்-ரெயில்டன் காரில் அங்கே மணிக்கு 143.44 மைல் வேகத்தில் ஒரு சுற்றை முடித்தார். 1939-ல் பந்தயங்கள் நிற்கும் வரை அந்தச் சாதனையை யாரும் தாண்டவில்லை.