எங்கே சேர்ப்பது என்பதே டிஜேவின் கலை

நேயர்களுக்கு வணக்கம். பாட்டுகளை ஒன்றோடொன்று இணைத்து நிறுத்தாமல் போடும் டிஜே கலையைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தவர்கள் பலர் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். "ரெண்டு பாட்டும் தாளம் தப்பாம சேருது. ஆனாலும் மிக்ஸ் சப்புன்னு இருக்கு." தாளம் பொருந்துவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. எந்த இடத்தில் சேர்க்கிறோம், எதை எடுத்துவிடுகிறோம் என்பதில்தான் விறுவிறுப்பு இருக்கிறது. எஃபெக்ட் பொத்தான்களை அழுத்தி அதை வரவழைத்துவிட முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு விருந்து. பள்ளி திறக்கும் முன் புதுத் துணி வாங்கப் பணம் சேர்க்க வேண்டும் என்று சின்டி கேம்ப்பெல் என்ற பெண் ஏற்பாடு செய்தது. இசைத்தட்டு போட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ், அதாவது டிஜே கூல் ஹெர்க். பாட்டு ஓடும்போது அவர் ஆடுபவர்களைக் கவனிப்பார். பாடகர் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் தனியாக ஒலிக்கும் சில விநாடிகளுக்குத்தான் அவர்கள் காத்திருக்கிறார்கள் என்பது அவருக்குப் புரிந்தது. ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டார். ஒன்றில் அந்தப் பகுதி முடியும்போது மற்றதில் அதையே தொடங்கினார். ஹிப் ஹாப் அங்கிருந்து வளர்ந்தது. அவரிடம் கணினித் திரை கிடையாது. பாட்டின் எந்தத் துண்டு ஆளை எழுப்பும் என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

நீங்களும் அந்தத் துண்டைத் தேடுங்கள். நடனத்துக்கென்று செய்யப்படும் ஹவுஸ் என்ற மின்னணு இசைப் பாடல்களில் பெரும்பாலும் 16 அல்லது 32 தாள அடிக்கு ஒருமுறை ஏதாவது மாறும். கைதட்டல் சேரும், குரல் நுழையும், டிரம்ஸ் நிற்கும். நிமிடத்துக்கு 128 அடி வேகத்தில் 32 அடி என்பது சரியாக 15 விநாடி. புதிய பாட்டின் முதல் அடியை அந்த 32இன் முதல் அடியில் விடுங்கள். அப்போது இரண்டு பாட்டின் திருப்பங்களும் ஒரே கணத்தில் வந்து விழும். நாலு அடி தள்ளி விட்டால் தாளம் பொருந்தியே இருக்கும், ஆனால் கேட்பவருக்கு ஏதோ இடறும்.

அப்புறம் பேஸ், அதாவது அடித்தளமாக ஒலிக்கும் தாழ்ந்த ஒலி. இரண்டு பாட்டின் கிக் என்ற பெரிய டிரம் அடியும் பேஸும் ஒன்றாக ஒலித்தால் சத்தம் கூடுமே தவிர எல்லாம் குழம்பிவிடும். உள்ளே வரும் பாட்டின் லோ குமிழை, அதாவது தாழ்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் குமிழை, முழுக்கக் குறைத்து வையுங்கள். மேல் ஒலிகள் மட்டும் கசிந்து வரட்டும். ஓடும் பாட்டில் திருப்பம் வர நாலு அடி இருக்கும்போது அதன் லோவையும் எடுத்துவிடுங்கள். அந்த நாலு அடிக்கு அறையில் அடித்தளமே இருக்காது. அடுத்த ஒன்றாவது அடியில் புதிய பாட்டின் லோவை ஒரே திருப்பில் திறந்துவிடுங்கள். ஆடுபவர்களின் கால் அதற்குப் பதில் சொல்லும். தொடக்கநிலையில் இருப்பவர் ஒரு மாதம் முழுக்க இது ஒன்றையே பழகினாலும் நான் சந்தோஷப்படுவேன்.

நம் பாட்டுகளைப் போடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. குத்துப் பாட்டுகள் பலவும் மூன்று மூன்றாக உருளும் திஸ்ர நடை. ஹவுஸ் நான்கு நான்காக நடக்கும். மென்பொருள் இரண்டுக்கும் ஒரே வேகம் காட்டும். ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் உள்ளே இருக்கும் சின்ன அடிகள் மோதிக்கொள்ளும். அங்கே நீண்ட கலப்பே வேண்டாம். ஒரு வரி முடியும் இடத்தில் சட்டென்று வெட்டி, பறை அடியில் நேராக இறங்குங்கள். சினிமாப் பாட்டில் டிரம்ஸ் மட்டும் உள்ள நீண்ட தொடக்கம் கிடைப்பது அரிது. அதனால் இடையிசையில் தாளம் தனித்து வரும் பகுதியை லூப் போட்டு, அதாவது திரும்பத் திரும்ப ஓடும்படி செய்து, வைத்துக்கொள்வது உதவும்.

வேகத்தை மாற்றும்போதும் கவனம். வேகம் மாறினாலும் சுருதி மாறாதபடி பூட்டும் வசதியைப் போடாமல் 6 சதவீதம் கூட்டினால் பாட்டு ஏறக்குறைய அரை சுரம் ஏறிவிடும். பழகிய குரல் உடனே வேறு மாதிரி கேட்கும்.

சரி, முன்னேறியிருக்கிறோமா என்று எப்படித் தெரியும்? அரை மணி நேரம் வாசித்ததைப் பதிவு செய்து, மறுநாள் பஸ்ஸில் போகும்போது கேளுங்கள். கையில் குமிழ் இல்லாதபோது காது நேர்மையாக இருக்கும். எந்த இடத்தில் தள்ளிவிட்டுப் போகத் தோன்றுகிறதோ அந்த நிமிடத்தைக் குறித்துக்கொண்டு, மாலையில் அந்த ஒரு இணைப்பை மட்டும் வேறு இடத்தில் சேர்த்துப் பாருங்கள்.