விரல் எங்கே போயிற்று?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம். ‘கிட்டாரோடு மின்னணு ஒலி கலந்தது ராக் இசைக்குப் பலமா, பலவீனமா?’ என்பது தலைப்பு. பலமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய ஐயா, “மின்னணுப் பெட்டி வந்தது, விரல் போயிற்று” என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டார். அதை அவர் சொன்னதே மைக்கில்தான். சரி, அதை விடுங்கள். விரலைப் பற்றியே பேசுவோம்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் ஆபிங்டனில் ஒரே பள்ளியில் படித்த ஐந்து பேர் சேர்ந்த ராக் குழு ரேடியோஹெட். 1997இல் ‘ஓகே கம்ப்யூட்டர்’ ஆல்பம் வந்தபோது பெரிய கிட்டார் குழு என்று பேர் வாங்கினார்கள். 2000இல் ‘கிட் ஏ’ ஆல்பம் வந்தது. முதல் பாட்டில் கிட்டாரே இல்லை! ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். எதிரணி அந்த இடத்திலேயே கேட்பதை நிறுத்திவிட்டது போலிருக்கிறது.

அதே ஆல்பத்தின் நான்காவது பாட்டுக்கு வாருங்கள். குழுவின் பாடகர் தாம் யார்க், மின்சாரம் இல்லாத சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாரை மீட்டிக்கொண்டு பாடுகிறார். பின்னால், தூரத்தில் யாரோ விம்முவது போல ஓர் ஒலி. அதுதான் ஓண்ட் மார்ட்டெனோ. 1928இல் பிரான்சில் மேடையேறிய மின்னணுக் கருவி. வாசிப்பவர் விரலில் மோதிரம் மாட்டி, அதோடு கட்டிய இழையை அப்படியும் இப்படியும் நகர்த்த வேண்டும். விரல் நடுங்கினால் சுரமும் நடுங்கும். நம் வீணைக்காரர் சுரத்தை அசைக்கும் கமகத்துக்குக் கம்பியை இழுப்பாரே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். வாசிப்பவர் அக்குழுவின் கிட்டார்காரர் ஜானி கிரீன்வுட். விரல் எங்கே போயிற்று ஐயா? மோதிரம் மாட்டிக்கொண்டு பக்கத்துக் கருவிக்குப் போயிருக்கிறது!

கம்பியைத் தட்டிய கணமே ஒலி தேயத் தொடங்கும். கிட்டாரின் அழகும் அதுதான், எல்லையும் அதுதான். மின்னணு ஒலி நிறுத்தும்வரை நிற்கும். ஒன்று தேய, இன்னொன்று தாங்கிப் பிடிக்கிறது. நம் கச்சேரி மேடையில் பாடகர் பக்கத்திலேயே மின்னணுச் சுருதிப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. யாரும் அதை எழுந்து போகச் சொல்லவில்லையே!

அப்புறம், “கம்ப்யூட்டர் தாளத்துக்கு உயிரில்லை” என்றார் எதிரணி அம்மா. 2007இல் வந்த ‘இன் ரெயின்போஸ்’ ஆல்பத்தின் முதல் பாட்டு மின்னணுத் தாளத்தில்தான் தொடங்குகிறது. ஐந்து ஐந்தாக நடக்கும். தக தகிட, தக தகிட... அம்மா, உங்கள் கால் ஆடுகிறதே!

“சொந்தக் காலில் நிற்க ஒற்றைக் கிட்டார் போதும்” என்றும் சொன்னார்கள். ஈஎம்ஐ என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தோடு ரேடியோஹெட் போட்ட ஒப்பந்தம் 2003 ஆல்பத்தோடு முடிந்தது. புது ஒப்பந்தத்துக்குக் காத்திராமல், 2007 அக்டோபர் 10 அன்று ‘இன் ரெயின்போஸ்’ பாட்டுகளைத் தங்கள் இணையதளத்திலேயே இறக்கிவிட்டார்கள். விலையை வாங்குபவரே போடலாம். பாட்டுக்குத் தாளம் போட்ட கம்ப்யூட்டரே கடையும் ஆனது! ஒற்றைக் கிட்டார் இதைச் செய்யுமா?

மணி அடித்துவிட்டீர்கள். முடிக்கிறேன். அவர்கள் விலையை ரசிகரிடம் விட்டார்கள், நான் மதிப்பெண்ணை உங்களிடம் விடுகிறேன். பூஜ்யம் மட்டும் போட்டுவிடாதீர்கள், நடுவர் அவர்களே!