தேர் திரும்பும் முனையில் ஆச்சி எப்படித் தாண்டுவார்?

வணக்கம். காலை மணி ஆறரை. திருநெல்வேலி டவுனில் ரத வீதி திரும்பும் முனையில் நிற்கிறேன். அதோ தெரிவது நெல்லையப்பர் கோயில் கோபுரம். கையில் ஓர் அளவு நாடாவும் சாக்பீஸும் வைத்திருக்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன் இந்த இடத்தில்தான் என் ஆச்சி விழுந்தார். வண்டி எதுவும் இடிக்கவில்லை. முனையில் வேகமாகத் திரும்பிய பைக்கைப் பார்த்துப் பதறி நடைபாதையில் ஏறப் பார்த்தார். கால் எட்டவில்லை. கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்துவிட்டது.

கேமராவைக் கீழே இறக்குகிறேன், பாருங்கள். நடைபாதை விளிம்பில் என் கையை விரித்து வைக்கிறேன். ஒரு சாண் போக இன்னும் நான்கு விரற்கடை மிச்சம் இருக்கிறது. நாடா 29 செ.மீ. காட்டுகிறது. சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற அமைப்பு 2012இல் வெளியிட்ட நெறிமுறைப்படி விளிம்பு 15 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. கடைத்தெரு என்றால் நடப்பதற்குத் தடையில்லாமல் இரண்டரை மீட்டர் அகலமாவது வேண்டும். இங்கே நாம் நடைபாதை என்று சொல்வது சாக்கடைக்கு மேல் போட்ட மூடிதான். சாக்கடையின் உயரம் எதுவோ அதுவே படியின் உயரமாகிவிட்டது.

படியைத் தாழ்த்திவிடலாம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை இந்த முனைதான். ரத வீதியின் முனை ஏன் இத்தனை அகலம்? ஆனித் தேரோட்டத்தில் சுவாமி தேர் இங்கே திரும்ப வேண்டும். வடத்தை ஆயிரக்கணக்கானோர் இழுக்க, சக்கரத்தின் அடியில் கட்டை கொடுத்துக் கொடுத்துத்தான் அதைத் திருப்புகிறார்கள். அந்த அகலத்தில் ஓர் அடியைக்கூட யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் தேருக்கு விட்ட இடத்தில் மற்ற நாளெல்லாம் பைக்கும் ஆட்டோவும் பிரேக்கைத் தொடாமலே வளைகின்றன. முனை குறுகலாக இருந்தால் ஓட்டுகிறவர் தானாகவே வேகத்தைக் குறைப்பார். வேகத்தில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். 30 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி பிரேக் பிடித்த பின் ஓடும் தூரத்தைப் போல் ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு தூரம் ஓடித்தான் 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி நிற்கும்.

இப்போது சாக்பீஸால் கோடு போடுகிறேன். முனையில் இந்தப் பிறைவடிவ இடத்தை வண்டிகளிடமிருந்து எடுத்துக்கொள்வோம். கான்கிரீட் வேண்டாம், கம்பி வேலியும் வேண்டாம். தெருவின் மட்டத்திலேயே வேறு நிறக் கல் பாவி, விளிம்பில் கழற்றி மாட்டும் குத்துத்தூண்களை நட்டால் போதும். ஆனி பிறந்ததும் கழற்றிவிடலாம். தேருக்காகக் கடை வாசல் கூரைகளை மடக்குகிற ஊர்தானே இது? தூணைக் கழற்றுவதா பெரிய காரியம்?

இந்தப் பிறை வந்தால் ஆச்சி தாண்ட வேண்டிய தூரமும் குறையும். 12 மீட்டர் தெருவைத் தாண்ட நம்மைப் போன்றவர்களுக்குப் பத்து விநாடி போதும். ஆச்சிக்கு இருபது விநாடி வேண்டும். தூரத்தை ஏழு மீட்டராக்கினால் அவருக்குப் பன்னிரண்டு விநாடி ஆகும். தாண்டும் இடத்தைச் சற்று மேடாக்கி நடைபாதையோடு ஒரே மட்டமாகச் சேர்த்துவிட்டால், இறங்கி ஏறும் வேலையே இல்லை.

அதோ ஒரு பிள்ளை சைக்கிளில் போகிறது. அரசு கொடுத்த சைக்கிள்தான். நிறுத்தியிருக்கும் பைக்குகளைத் தாண்ட நடுத்தெருவுக்கு வந்துவிட்டது, பார்த்தீர்களா? பின்னால் லோடு ஆட்டோ ஹாரன் அடிக்கிறது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சைக்கிள் தருகிறோம், அதை ஓட்ட ஒன்றரை மீட்டர் இடம் தரவில்லை. ஒரு பக்கம் பைக் நிறுத்துவதை எடுத்தாலே அந்த இடம் கிடைத்துவிடும்.

வியாபாரம் படுத்துவிடும் என்று அண்ணாச்சிமார் பயப்படுவது எனக்குப் புரிகிறது. சரக்கு இறக்கக் காலையில் நேரம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் அல்வா வாங்க இந்தத் தெருவுக்கு வருகிறவர்கள் கடை வாசலில் எப்படி நிற்கிறார்கள்? காலால் நடந்து வந்து, வரிசையில் நின்றுதான் வாங்குகிறார்கள். சென்னை பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதையை அகலமாக்கித் திறந்தார்கள். நம்பாதவர்கள் ஒரு மாலை அங்கே போய் நடந்து பாருங்கள்.

சாக்பீஸ் கோட்டுக்குள் நான் ஒருவன் நிற்கிறேன், அதற்கே இரண்டு பைக்காரர்கள் வேகத்தைக் குறைத்துத்தான் திரும்பினார்கள். ஆச்சி கோயிலிலிருந்து வந்துவிட்டார், எதிர்ப்பக்கம் நிற்கிறார். கேமராவை நிறுத்துகிறேன். கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும்.